நுளம்பு வலைச் சட்டை

என் மகளுக்கு அப்போது ஐந்து வயது. அந்தச் சட்டையை அவள் கேட்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பிறகு ஒழுங்கையில் கதைத்தவர்கள் எல்லாரும் பிள்ளை ஆசைப்பட்டது, தாய் தைத்துக் கொடுத்தாள் என்றே கதைத்தார்கள். நானும் வாய் திறந்து திருத்தவில்லை. ஆசைப்பட்டவள் நான்தான்.

பக்கத்து வீட்டு ராத்தாதான் அந்தச் சினிமாப் பத்திரிகையைக் கொண்டுவந்து தந்தார். முஸ்லிம் வீடுகளில் அக்காவுக்கு ராத்தா என்று பெயர். கிண்ணியாவில் பிறந்து, கருவாட்டு வியாபாரி ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டு எங்கள் ஒழுங்கைக்கு வந்தவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். மதராசிலிருந்து ஒரு பத்திரிகை திருகோணமலைக்கு வந்து சேர்ந்தால் அது இருபது வீட்டுக்காவது போகும். எங்கள் முறை வரும்போது அட்டை இருக்காது, தொடர்கதைப் பக்கத்தை யாரோ கிழித்திருப்பார்கள், நடுப்பக்கத்தில் குழம்புக் கறை இருக்கும். அந்த நடுப்பக்கத்தில்தான், அந்த நாளில் எல்லாரும் தலையில் வைத்துக் கொண்டாடிய ஒரு நடிகை தன் மகளை மடியில் வைத்துக்கொண்டு சிரித்தார்.

நடிகையை நாங்கள் அவ்வளவாகப் பார்ப்பதில்லை. அவர் கட்டும் சேலையை எங்களால் கனவிலும் கட்ட முடியாது. பிள்ளையைத்தான் பார்ப்போம். பிள்ளைச் சட்டைக்கு நாலு முழத் துணி போதும், எப்படியாவது ஒப்பேற்றிவிடலாம் என்று ஒரு நினைப்பு. ஒரு நடிகருடைய மகன் மாலுமிச் சட்டை போட்டுப் படம் வந்தால், அடுத்த மாதம் எங்கள் ஒழுங்கையில் மூக்கு வடித்துக்கொண்டு நாலு மாலுமிகள் நிற்பார்கள். உண்மையான மாலுமிகள் துறைமுகத்தில் இறங்கித் தெருவில் போவதை யாரும் திரும்பியும் பார்ப்பதில்லை.

அந்தப் பிள்ளை போட்டிருந்தது வெள்ளைச் சட்டை. இடுப்புக்குக் கீழே ஆறு அடுக்கு வலைத்துணி, அடுக்குக்கு அடுக்கு சுருக்கு வைத்து, குடை விரித்த மாதிரி நின்றது. ஊதிய கை. முதுகில் ஒரு முழ அகலத்துக்கு நாடா முடிச்சு, இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்ததில் அடுப்பில் சோறு அடிப்பிடித்துவிட்டது.

அதே கிழமை படமாளிகைக்காரர் நோட்டீஸ் அடித்து விட்டார். அந்த நடிகை மகளோடு இலங்கைக்கு வருகிறாராம். கொழும்பில் நிகழ்ச்சி முடிய, ஒரு மாதத்தில், எங்கள் ஊருக்கும் வந்து படமாளிகையில் தோன்றுவாராம். அன்று பிள்ளைகளுக்கு ஒரு போட்டி. பத்திரிகையில் வந்த நட்சத்திரத்தின் மகளைப் போலவே உடுத்தி வரும் பிள்ளையை நடிகையே தெரிந்தெடுப்பார். வென்ற பிள்ளை அவர்கள் இருவரோடும் நின்று படம் பிடித்துக்கொள்ளலாம்.

எனக்குத் தலைகால் தெரியவில்லை. என் மகள் நல்ல நிறம், பெரிய கண். அவளைத் தவிர வேறு யாருக்கு அந்தப் பரிசு என்று நோட்டீசைப் படித்து முடிக்கும் முன்பே முடிவு கட்டிவிட்டேன்.

துணிக்குத்தான் வழியில்லை. கடைகளில் சீத்தைத் துணி இருந்தது, மல் துணி இருந்தது. வலைத்துணி மட்டும் இல்லை. வெளிநாட்டுச் சாமான் வரத்து நின்றுபோயிருந்த காலம். மூன்று கடை ஏறி இறங்கி, வெயிலில் தலையிடி வந்து, வீட்டுக்கு வந்து கட்டிலில் விழுந்தேன். அண்ணாந்து பார்த்தால் தலைக்கு மேல் சுருட்டிக் கட்டியபடி தொங்கிக்கொண்டிருந்தது, எங்கள் நுளம்பு வலை.

அது சாதாரண வலை இல்லை. வெள்ளைக்காரர் துறைமுகத்தை விட்டுப் போனபோது அவர்களுடைய சாமான்கள் ஏலத்தில் போயின. என் கணவர் துறைமுகப் பண்டசாலையில் கிளாக்கர். ஏலத்தில் அவர் எடுத்து வந்தது ஒரு சாய்வுக் கதிரையும் அந்த வலையும். பூப்போல மெல்லிய பருத்தி நூல், கடுகு போகாத கண். கல்யாணம் முடித்த நாளிலிருந்து அதற்குள்தான் படுத்தோம். மகள் பிறந்த பிறகு மூன்று பேரும் அதற்குள்தான்.

ஆனால் அந்த இரண்டு மூன்று வருடமாக வலையை ஒழுங்காக இறக்கிக் கட்டுவது குறைந்துபோயிருந்தது. மலேரியா ஒழிந்துவிட்டது என்று எல்லாரும் சொன்னார்கள். முன்பெல்லாம் வீடு வீடாக வந்து சுவருக்கு மருந்தடித்தவர்கள் வருவதை நிறுத்திவிட்டார்கள். கதவுக்குப் பின்னால் அவர்கள் கடைசியாக மாட்டிவிட்டுப் போன அட்டையில் பல்லி முட்டையிட்டிருந்தது.

நான் வலையைக் கழற்றுவதை வேலிக்கு மேலால் ராத்தா கண்டுவிட்டார்.

"என்ன புள்ள, தோய்க்கப் போறியா?"

"இல்ல ராத்தா, வெட்டப் போறன். பிள்ளைக்குச் சட்டை தைக்க."

"உனக்கென்ன விசரா? குச்சவெளிப் பக்கம் காய்ச்சலாம் எண்டு வீட்டுக்காரர் சொன்னார். வலைய வெட்டாத புள்ள."

"அதெல்லாம் எப்பவோ முடிஞ்சுபோன வருத்தம் ராத்தா. இப்ப ஆர் வலை கட்டுகினம்?"

நான் கத்தரிக்கோலை எடுத்தேன். முதல் வெட்டுக்கு மட்டும் கை கொஞ்சம் தயங்கியது. பிறகு நன்றாக ஓடியது.

இரண்டு கிழமை தைத்தேன், பிரித்தேன், திரும்பத் தைத்தேன். சவ்வரிசிக் கஞ்சியில் தோய்த்து நிழலில் காயப் போட்டதும் அடுக்குகள் விறைத்து நின்றன. கொளுக்கி வெளியே தெரிந்தால் வடிவு கெட்டுவிடும் என்று, அவளுக்குப் போட்டுவிட்ட பிறகு முதுகைச் சேர்த்துத் தைத்துவிடத் தீர்மானித்திருந்தேன். போட்டுப் பார்த்த அன்று அவள் கழுத்தைச் சொறிந்தாள்.

"அம்மா, குத்துது."

"வடிவாய் இருக்க வேணுமெண்டால் கொஞ்சம் குத்தும். பொறுத்துக்கொள்."

என் கணவர் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். "இது எங்கட வலையெல்லோ?" என்று கேட்டார். ஓம் என்றேன். மகள் சுற்றிச் சுற்றி ஆடியதைப் பார்த்து அவரும் சிரித்துவிட்டார். அந்த நாட்களில் விடிய எழும்பும்போது அவளுடைய காலிலும் கையிலும் நுளம்பு கடித்த தடிப்புகள் இருக்கும். தேங்காய் எண்ணெய் பூசிவிடுவேன். படத்தில் தடிப்புத் தெரிந்துவிடுமோ என்பதுதான் என் கவலை.

போட்டி சனிக்கிழமை. அதற்கு முந்திய புதன்கிழமை, பின்னேரம் மூன்று மணிக்கு, முற்றத்தில் விளையாடிக்கொண்டிருந்தவள் உள்ளே வந்து குளிருது என்றாள். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. இருந்த போர்வை எல்லாவற்றையும் போட்டுப் போர்த்தும் பல் கிடுகிடுவென்று அடித்தது, கட்டில் ஆடியது. ஒரு மணித்தியாலத்தில் குளிர் விட்டு உடம்பு நெருப்பாகக் கொதித்தது. அவர் ஐந்தரைக்கு வேலையால் வந்தபோது அவள் வியர்த்துக் களைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"என்ன பிள்ளைக்கு?"

"தடிமன் காய்ச்சல். மல்லி அவிச்சுக் குடுத்தனான்."

வியாழக்கிழமை அவள் ஒன்றும் நடக்காதது போல ஓடித் திரிந்தாள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வெள்ளிக்கிழமை, அதே மூன்று மணிக்கு, அதே நடுக்கம். ராத்தா சத்தம் கேட்டு ஓடி வந்தார். பிள்ளையின் நகத்தைப் பார்த்தார், கண்ணை இழுத்துப் பார்த்தார்.

"முந்தாநாத்து வந்திச்சி, நேத்து இல்ல, இண்டைக்கு வந்திரிக்கி. இது முறைக்காய்ச்சல் புள்ள. மலேரியாதான். ஆசுபத்திரிக்குக் கொண்டு போ."

"நாளைக்குப் போட்டி ராத்தா. இப்ப கொண்டு போனால் வார்டில போட்டுவிடுவினம். நாளைக்குக் காய்ச்சல் வராத நாள். போட்டி முடிஞ்ச கையோட கொண்டு போறன்."

இதைச் சொன்னது நான்தான். வெள்ளி வந்தது, சனி வராது, ஞாயிறு வரும் என்று விரலை மடக்கி எண்ணிக் காட்டினேன். காய்ச்சலைப் பேருந்து நேரம் மாதிரிக் கணக்குப் பார்த்தேன். ராத்தா என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு பிள்ளையின் நெற்றியைத் துடைத்துவிட்டுப் போய்விட்டார்.

சனிக்கிழமை காலை பிள்ளை நன்றாக இருந்தாள். தலை முழுகவிடவில்லை, வெந்நீரில் உடம்பைத் துடைத்தேன். சட்டையைத் தட்டி நேராக்கிக்கொண்டிருக்கும்போது ஒலிபெருக்கி கட்டிய வான் ஒழுங்கை முனைக்கு வந்து நின்றது. நட்சத்திரம் கொழும்பிலிருந்து வரச் சுணங்கிவிட்டது, நிகழ்ச்சி நாளை ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு என்று அறிவித்துவிட்டுப் போனது.

ஞாயிறு. மூன்று மணி. நான் கையில் சட்டையோடு அப்படியே நின்றேன்.

அந்தச் சனிக்கிழமை முழுவதும் எனக்கு இருந்தது. ஆஸ்பத்திரி எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். என் கணவர் வீட்டில்தான் இருந்தார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பார். நான் சொல்லவில்லை. காய்ச்சல் ஒரு நாள் பிந்தியும் வரலாம், வராமலும் விடலாம், தலையிடிக் குளிசையில் பாதியைக் கொடுத்தால் தாங்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். எவ்வளவு மோசமான தாய் நான் என்று இன்று எழுதலாம். அன்று அப்படித் தோன்றவில்லை. அந்த ஆறு அடுக்கும்தான் கண்ணை மறைத்துக்கொண்டு நின்றன.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணிக்குக் குளிசை கொடுத்தேன். சட்டையைப் போட்டு முதுகைச் சேர்த்துத் தைத்தேன். வெள்ளைச் சப்பாத்து, சப்பாத்துக்குள் வெள்ளை மேசு. படமாளிகைக்கு நடந்து போகும்போது தெருவில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் மகளின் ஒரு கையைப் பிடித்துக்கொண்டு பெருமையாக நடந்தார்.

தகரக் கூரைக்குக் கீழே சனம் முண்டியடித்தது. அவர் கீழே கதிரையில் இருந்துகொண்டார். போட்டிக்கு வந்த ஒன்பது பிள்ளைகளையும் தாய்மாரையும் திரைக்கு முன்னால் மேடையில் வரிசையாக நிறுத்தினார்கள். ஒருத்தி மல் துணியில் அடுக்கு வைத்திருந்தாள், ஒருத்தி காகிதத்திலேயே வைத்திருந்தாள். என் மகளுக்குக் கிட்டவும் வர முடியாது. மூன்று மணி ஆனது. நட்சத்திரத்தைக் காணவில்லை. மூன்றே கால். என் கண் அவளுடைய நகத்திலேயே இருந்தது.

மூன்று இருபதுக்கு அவள் என் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா, குளிருது."

"இப்ப வந்துடுவா. கொஞ்சம் பொறு."

"அம்மா, குளிருதம்மா."

"சும்மா நில் எண்டு சொன்னனெல்லோ!"

அந்தப் புழுக்கத்தில் எல்லாருக்கும் வியர்த்து வழிந்தது. அவளுக்கு மட்டும் கையில் மயிர் குத்திட்டு நின்றது. நான் அவளைச் சேலையோடு சேர்த்து அணைத்துக்கொண்டேன். கீழேயிருந்து பார்ப்பவர்களுக்குத் தாய் செல்லம் கொஞ்சுகிறாள் என்று தோன்றியிருக்கும்.

அப்போது கைதட்டல் கூரையைப் பிய்த்தது. நடிகை வந்தார். பின்னால் மகள். ஒன்பது தாய்மாரும் ஒரே நேரத்தில் அந்தப் பிள்ளையைப் பார்த்தோம். அடுக்கும் இல்லை, நாடாவும் இல்லை. மணிக்கட்டு வரை கை வைத்த சாதாரணப் பருத்திச் சட்டை, கால் மறைய நீளப் பாவாடை, அதற்குள் தடித்த மேசு. எங்கள் ஒழுங்கைப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் போவது அதைவிட வடிவாக இருக்கும்.

நடிகை வரிசையில் ஒவ்வொரு பிள்ளையாகக் கன்னத்தைத் தட்டிக்கொண்டு வந்தார். என் மகளுக்கு முன்னால் நின்றுவிட்டார். குனிந்து சட்டை விளிம்பை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார்.

"பிரமாதமா தச்சிருக்கீங்களே! அச்சு அசல் அதே மாதிரி. இது கொசுவலைதானே?"

நான் தலையாட்டினேன்.

"அந்த கவுன் எங்களது இல்லீங்க. பத்திரிகைக்காரங்க கொண்டுவந்தாங்க, படம் எடுத்ததும் கழட்டி எடுத்துட்டுப் போயிட்டாங்க. போட்டிருந்த பத்து நிமிஷமும் அரிக்குதுன்னு இவ ஒரே அழுகை." மகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "இந்தப் பக்கம் கொசு ஜாஸ்தின்னு கொழும்புல சொன்னாங்க. அதான் இவளை இப்படி மூடிக் கூட்டிட்டு வந்தேன்." பிறகு என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கேட்டார்: "வலையை வெட்டிட்டீங்க. அப்போ உங்க பாப்பா எதுக்குள்ள தூங்குறா?"

குத்திக் காட்டக் கேட்கவில்லை, பகிடியாகத்தான் கேட்டார். மறுமொழிக்குக் காத்திருக்காமல் என் மகளுடைய கையைப் பிடித்து உயர்த்தினார். சனம் ஆர்ப்பரித்தது. படம் பிடிப்பவர் ஓடி வந்தார்.

"ஏம்மா, குழந்தை இப்படி நடுங்குறா?"

"சந்தோசத்தில" என்றேன்.

மகள் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். அவள் பார்த்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அதற்குள் மூன்று தரம் வெளிச்சம் அடித்து ஓய்ந்துவிட்டது. நடிகை தற்செயலாக அவளுடைய நெற்றியில் கை வைத்தார். "ஐயோ, கொதிக்குதே!" என்று சொன்னவர், யோசிக்காமலே தன் மகளை இரண்டு அடி பின்னால் தள்ளினார். என் மகள் கால் மடங்கி, அடுக்கெல்லாம் நசுங்க, மேடையில் குந்திவிட்டாள். என் கணவர் கீழேயிருந்து எப்படி ஏறி வந்தாரோ தெரியாது. அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினார். நான் பின்னால் ஓடினேன்.

படமாளிகை வாசலில் ராத்தா நின்றார். அவர் படம் பார்க்க வந்தவர் இல்லை. ஒன்றும் கேட்காமல் எங்களோடு சேர்ந்து ஓடி வந்தார்.

ஆஸ்பத்திரியில் தாதி சட்டையைக் கழற்றப் பார்த்தார். முதுகு தைத்திருந்தது. கத்தரிக்கோலால் கழுத்திலிருந்து கீழே வரை ஒரே வெட்டாக வெட்டி எடுத்துத் தரையில் போட்டார். விரலில் குத்தி இரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் பூசினார்கள்.

"எத்தினை நாளாய்க் காய்ச்சல்?"

"முந்தித் தடிமன் காய்ச்சல் எண்டு இருந்தது" என்றார் என் கணவர். "இண்டைக்குத்தான் இப்பிடி."

தாதி எழுதப் போனார். ராத்தா கதவோரம் நின்றபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். சொல்லவில்லை, எனக்கு விட்டுவிட்டார்.

"புதன்கிழமை தொடக்கம்" என்றேன். "ஒரு நாள் விட்டு ஒரு நாள். மூண்டு மணிக்கு வரும்."

தாதி எழுதுவதை நிறுத்தினார். "தெரிஞ்சுகொண்டோ வைச்சிருந்தனீங்கள்?"

கணவர் என் பக்கம் திரும்பவே இல்லை. பிள்ளையின் கால் மேசுகளைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஒரு சோடி மேசு கழற்ற அவ்வளவு நேரம் எடுக்காது.

இரத்தம் பார்த்து மலேரியா என்றார்கள். பிள்ளையில் இரத்தமே இல்லை, இன்னும் இரண்டு நாள் வைத்திருந்தால் சொல்ல ஏலாது என்று டாக்குத்தர் சொன்னார். கசப்புக் குளிசையைப் பொடித்துச் சீனியோடு பருக்கினார்கள். அவள் வாந்தி எடுக்க, திரும்பப் பருக்கினார்கள். கட்டிலைச் சுற்றி நுளம்பு வலை கட்டினார்கள். எங்களுடையதைப் போல மெல்லியது இல்லை, முரட்டு வலை. அதற்குள் அவள் சின்னதாகக் கிடந்தாள்.

அந்தப் படத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். படம் பிடித்தவர் அதைப் பெரிதாக்கி, கன்னத்துக்கு ரோசா வர்ணம் தீட்டி, தன் கடை வாசல் கண்ணாடிப் பெட்டிக்குள் நீண்ட காலம் வைத்திருந்தார். நடிகையின் பிள்ளையை விட இந்தப் பிள்ளைதான் நட்சத்திரத்தின் மகள் மாதிரி இருக்கிறாள், என்ன பளபளப்பு அந்தக் கண்ணில் என்று என்னை நிறுத்திச் சொன்னவர்கள் பல பேர். நான் அந்தத் தெருவால் போவதையே விட்டுவிட்டு, சந்தைக்குச் சுற்றிப் போய் வந்தேன்.

மருந்து கேட்க இரண்டு நாள் செல்லும், செவ்வாய்க்கிழமை இன்னொரு தரம் நடுக்கம் வரலாம், அதைத் தாண்டிவிட்டால் பயமில்லை என்று டாக்குத்தர் சொல்லியிருந்தார். செவ்வாய் மத்தியானம் முழுவதும் நான் வார்டு மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்து கட்டிலின் மற்றப் பக்கம் நின்றார். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவர் என்னோடு ஒரு வார்த்தை கதைக்கவில்லை.

மூன்று மணி. மூன்று ஐந்து. அவளுடைய கண் திறந்திருந்தது. தாடை மெல்ல ஆடத் தொடங்கியது. உதட்டைக் கடித்துப் பார்த்தாள், நிற்கவில்லை. வலைக்குள்ளிருந்து என்னைப் பார்த்தாள்.

"அம்மா."

"என்ன ராசாத்தி?"

"எனக்குத் திரும்பச் சந்தோசம் வருது."

பல் அடித்துக்கொள்ள, அதைச் சரியாகச் சொல்லிவிட்ட பெருமையோடு சிரிக்கவும் பார்த்தாள்.

நான் வலையைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஏறினேன். தாதி சத்தம் போட்டார், காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவளை இறுக்கிக் கட்டிப் பிடித்துக்கொண்டு, அவளுடைய காதுக்குள், ஆனால் என் கணவருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

"இல்லையம்மா. இது காய்ச்சல். அண்டைக்கும் காய்ச்சல்தான். அம்மா பொய் சொன்னனான்."

வலைக்கு வெளியே நின்ற அவர் கட்டிலுக்குக் கிட்ட வந்தார். நான் தூக்கிவிட்டிருந்த வலையைக் கீழே இழுத்து, எங்கள் இரண்டு பேரையும் சுற்றி, ஓரம் ஓரமாக மெத்தைக்குக் கீழே செருகினார்.